பாலிங்: அந்த இரண்டு நாளுக்கு முன்னும் பின்னும்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் உள்ள பாலிங் மாவட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதன் வரலாறு என்ன, நிர்வாகம் எப்படி நடக்கிறது, பினாங்கு வரும்போது குடும்பத்தோடு ஒன்றிரண்டு நாள் போய்த் தங்கும் அளவுக்கு அங்கே ஏதாவது இருக்கிறதா என்பது உங்கள் கேள்வி. பள்ளிப் பாடத்தில் வந்த "பாலிங் பேச்சுவார்த்தை"யைத் தவிர வேறொன்றும் தெரியாது என்றும் எழுதியிருந்தீர்கள். மலேசியாவிலேயே பெரும்பாலோருக்கு அவ்வளவுதான் தெரியும். 1955 டிசம்பரில் அரசும் காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளும் பேச உட்கார்ந்த இரண்டு நாள் உலகமே அந்தச் சிறிய ஊரைப் பார்த்தது, அதற்கப்புறம் மறந்துவிட்டது. என்னைக் கேட்டால், அந்த இரண்டு நாளை மட்டும் தெரிந்துகொண்டு பாலிங்கைப் புரிந்துகொள்ள முடியாது. அங்கே நடந்த ஒவ்வொன்றுக்கும் அடியில் எல்லையோரக் காட்டு மலையும் ரப்பர் மரமும்தான் இருக்கின்றன. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

முதலில் இடத்தைச் சொல்கிறேன். கெடா என்றதும் நமக்கு நெல்வயல்தான் ஞாபகம் வரும். அலோர் ஸ்டார், யான், பெண்டாங் பக்கமெல்லாம் கண்ணுக்கெட்டிய தூரம் வயல்தான். பாலிங் அப்படியில்லை. மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில், ஒரு பக்கம் தாய்லாந்தையும் இன்னொரு பக்கம் பேராக் மாநிலத்தையும் தொட்டுக்கொண்டு, சுமார் 1,500 சதுர கிலோமீட்டர் பரப்பில் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் மலையடிவார நாடு இது. கிழக்கே பிந்தாங் மலைத்தொடர். அதில் உள்ள ஈனாஸ் மலையின் சரிவுகளிலிருந்துதான் கூப்பாங் வட்டாரத்து ஓடைகள் பல இறங்கி வருகின்றன. கெட்டில் ஆறு மாவட்டத்தின் குறுக்கே மேற்காக ஓடி மூடா ஆற்றில் கலக்கிறது. கலக்கும் இடத்தில் உள்ள ஊர்தான் கோல கெட்டில். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 1.4 லட்சம், பெரும்பான்மையினர் மலாய்க்காரர்கள்.

ஒரு வேண்டுகோள். பழைய கடாரத்தையும் பாலிங்கையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 1025இல் ராஜேந்திர சோழனின் கடற்படை தாக்கிய கடாரத்தின் எச்சங்களைப் பார்க்க வேண்டுமென்றால் ஜெரை மலையடிவாரத்தில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்குக்குத்தான் போக வேண்டும். அது கடற்கரைப் பக்கம். பாலிங் அதற்கு உள்நாடு. காட்டுப் பொருள் ஆற்று வழியாகக் கீழே போக, உப்பும் துணியும் மேலே வந்த பின்நிலம். துறைமுகத்துக்குக் கல்வெட்டும் கோயிலும் மிஞ்சின. பின்நிலத்துக்குக் கதைதான் மிஞ்சியது.

அந்தக் கதை நல்ல கதை. கெடா அரச வம்சத்தின் பழம்புராணமான மேரோங் மகாவங்சா வரலாற்றில் ஓங் மகா பெரித்தா தெரியா என்றொரு ராஜா வருகிறான். ஒருநாள் அரண்மனைச் சமையல்காரன் கீரை நறுக்கும்போது கையை வெட்டிக்கொள்ள, ஒரு சொட்டு ரத்தம் குழம்பில் விழுந்துவிடுகிறது. ராஜாவுக்கு அந்த ருசி பிடித்துப்போகிறது. மிரட்டி உண்மையை வரவழைத்தபின், ருசிக்காகவே ஆட்களைக் கொல்ல ஆரம்பிக்கிறான். வாயில் கோரைப்பல் முளைக்கிறது. மந்திரிகளும் மக்களும் சேர்ந்து எழுந்து அவனை விரட்டுகிறார்கள். காட்டுக்குள் ஓடி ஒளிந்தவன் கடைசியில் பல்லைப் பிடுங்கி எறிந்த இடம்தான் இது என்பது ஊர்க்கதை. மலாயில் பாலிங் என்றால் எறிதல், சியோங் என்றால் கோரைப்பல். சியோங் என்ற பெயரில் இங்கே ஒரு முக்கிமும் (மாவட்டத்தின் உட்பிரிவு) இருப்பதால் கதைக்கு ஊரே சாட்சி சொல்வதுபோல் ஆகிவிடுகிறது. கெடா அரச குடும்பத்தில் பிறந்த துங்கு அப்துல் ரஹ்மான் பிரதமராக இருந்தபோதே இந்தக் கதையைத் திரைக்கதையாக எழுதினார்; 1968இல் அது படமாகவும் வந்தது. கொடுங்கோலனை மக்களே விரட்டும் கதையை அவர் தேர்ந்தெடுத்தது எனக்குப் பிடித்த விஷயம்.

கதையை விட்டு வரலாற்றுக்கு வந்தால், பாலிங்கில் குடியேற்றத்தைத் தீர்மானித்தது சயாம், அதாவது இன்றைய தாய்லாந்து. 1786இல் சயாம் தன் தெற்கே இருந்த பட்டாணி என்ற மலாய் அரசை அடக்கியதும், அதன்பின் நடந்த கலகங்களும், அங்கிருந்த மலாய் மக்களை அலை அலையாகத் தெற்கே தள்ளின. அவர்களில் பலர் சீக், பாலிங், மேல் பேராக் பகுதிகளில் காடு வெட்டி ஊர் அமைத்தார்கள். 1821இல் சயாம் கெடாவையே தாக்கிப் பிடித்தது. 1842இல்தான் சுல்தான் பரம்பரைக்கு நாடு திரும்பியது. இந்த இடம்பெயர்வின் தடத்தை இன்றைக்கும் காதால் கேட்கலாம். அலோர் ஸ்டார் ஆள் பேசும் கெடா மலாய் வேறு, பாலிங்கின் உள்கிராமங்களில் பட்டாணி வம்சாவளியினர் பேசுவது வேறு. கிழக்குக் கரை மாநிலமான கிளந்தான்காரர் பேச்சு காதில் விழுந்ததோ என்று ஒரு கணம் திரும்பிப் பார்ப்பீர்கள். சயாமிய வம்சாவளி மக்களும் இந்த மாவட்டத்தில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள்.

1909 மார்ச்சில் பாங்காக்கில் கையெழுத்தான ஆங்கிலோ–சயாம் ஒப்பந்தம் கெடா மீதான உரிமையைப் பிரிட்டனிடம் கொடுத்தது. இன்றைய எல்லைக்கோடு அப்போது வரையப்பட்டதுதான். ஒரே மொழி பேசிய, ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மக்கள் கோட்டுக்கு அந்தப் பக்கம் பாதி, இந்தப் பக்கம் பாதி என்று ஆனார்கள். ஆனால் உறவும் வியாபாரமும் நிற்கவில்லை. ரப்பர் வந்ததும் ஏறக்குறைய அதே காலம். சமவெளியில் நெல் போட்டவன் நெல்லோடு இருந்தான். பாலிங்கின் மேட்டு நிலத்துக்கு ரப்பர் ஒத்துப்போனது. மேற்கே கோல கெட்டில் பக்கம் கம்பெனித் தோட்டங்கள் எழுந்தன. கிழக்கே மலாய்க் குடும்பங்கள் இரண்டு மூன்று ஏக்கரில் சொந்தமாக மரம் வைத்தன. இந்த இரண்டு வகை ரப்பரின் வித்தியாசம் பின்னால் மிகவும் முக்கியமாகிறது.

கம்பெனித் தோட்டங்களில்தான் நம் ஆட்கள் வருகிறார்கள். பேடனோக், பத்து பெக்காக்கா போன்ற தோட்டங்களில் தமிழர்கள் லயத்து வீடுகளில் குடியிருந்து பால் வெட்டினார்கள். விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, அப்புறம் கத்தியும் வாளியுமாகப் பால்காடு. மரத்தில் கட்டிய மங்கில் (கிண்ணத்தில்) சேர்ந்த பாலை ஸ்டோருக்குத் தூக்கி நிறுப்பது, மறுநாள் உறைந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பால் பொறுக்குவது. அந்தத் தோட்டங்களின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் கோல கெட்டில் வட்டாரத்தில் இன்றும் நடக்கின்றன. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, ஆட்கள் சுங்கை பட்டாணிக்கும் கூலிமுக்கும் தொழிற்சாலை வேலைக்குக் குடிபெயர்ந்த பிறகும், திருவிழாவுக்குத் தோட்டத்து அம்மன் கோயிலுக்குத் திரும்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள். மாவட்டத்தைப் பார்க்க வருகிறவர்கள் நேரே பாலிங் டவுனுக்குப் போய்விடுவதால் இந்தப் பகுதி கண்ணில் படுவதில்லை. கோல கெட்டிலில் வண்டியை நிறுத்தி ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போங்கள் என்பது என் சிபாரிசு.

போர்க் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1941 டிசம்பர் 8 அன்று பட்டாணியில் இறங்கிய ஜப்பானியப் படையின் ஒரு பிரிவு பெத்தோங் (எல்லையோரத் தாய்லாந்து ஊர்) சாலை வழியாக வந்தது. அதைத் தடுக்கக் குரோ என்ற எல்லை ஊரிலிருந்து (இன்றைய பெங்காலான் உலு) போன பிரிட்டிஷ் இந்தியப் படை தோற்றுப் பாலிங் சாலையில் பின்வாங்கியது. அந்த மாத நடுவிலேயே கெடா கைவிட்டுப் போனது. 1943இல் ஜப்பான் கெடாவைத் தாய்லாந்திடம் ஒப்படைத்தது. 1945 வரை அப்படியே இருந்தது. இந்தக் காலத்தில்தான் பேராக் காடுகளில் ஜப்பானியரை எதிர்த்த கம்யூனிஸ்டுப் படையோடு பிரிட்டிஷ் அதிகாரி ஜான் டேவிஸ் சேர்ந்து வேலை செய்தார். அங்கே அவருக்குப் பழக்கமான இளைஞர்களில் ஒருவர் சின் பெங், பின்னாளில் மலாயா கம்யூனிஸ்டுக் கட்சியின் தலைவரானவர். இந்த இரண்டு பெயரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, 1955. ஜூலையில் நடந்த முதல் பொதுத் தேர்தலில் துங்குவின் கூட்டணி 52 இடங்களில் 51ஐப் பிடித்தது. துங்கு முதலமைச்சரானார், ஆனால் நாடு இன்னும் பிரிட்டன் கையில்தான். 1948இல் ஆரம்பித்த அவசரகாலம் ஏழு வருஷமாக நீடித்துக்கொண்டிருந்தது. காட்டுக்குள் கம்யூனிஸ்டு கெரில்லாக்கள். வெளியே ஊரடங்கு, அரிசிப் பங்கீடு, காட்டோர மக்களைக் கம்பிவேலிக்குள் குடியமர்த்திய புதுக்கிராமங்கள். செப்டம்பரில் துங்கு பொதுமன்னிப்பு அறிவித்தார். சரணடைந்தவர்கள் சொற்பம். அப்புறம் சின் பெங்கே நேரில் பேசத் தயார் என்று செய்தி அனுப்பினார்.

ஏன் பாலிங்? அவர் மறைந்திருந்தது எல்லைக்கு அப்பால் தென் தாய்லாந்துக் காட்டில். அங்கிருந்து நடந்து வந்து இறங்கத் தோதான இடம் மேல் பேராக்கில் உள்ள கிளியான் இந்தான். அங்கிருந்து சாலை வழியாகச் சேரக்கூடிய, பாதுகாப்புப் போட வசதியான டவுன் பாலிங். காட்டுக்கும் அரசுக்கும் நடுவில் அமைந்த ஊர் என்பதுதான் அதற்குக் கிடைத்த தகுதி. டிசம்பர் 28 காலை கிளியான் இந்தான் பக்கம் காட்டிலிருந்து வெளிப்பட்ட சின் பெங்கை எதிர்கொண்டு அழைத்து வந்தது வேறு யாருமில்லை, பழைய சிநேகிதர் ஜான் டேவிஸ்தான். கூட வந்தவர்கள் சென் தியென், ரஷீத் மைடின். எதிர்ப்பக்கம் துங்கு, சிங்கப்பூர் முதலமைச்சர் டேவிட் மார்ஷல், மலாயா சீனர் சங்கத் தலைவர் டான் செங் லாக். பேச்சு நடந்தது ஆங்கிலப் பள்ளிக் கட்டடத்தில். உலகத்தின் பல மூலைகளிலிருந்து வந்து குவிந்த பத்திரிகைக்காரர்கள் வெளியே காத்திருந்தார்கள். அரசு தலைக்கு விலை வைத்திருந்த ஆளை அவர்கள் முதல்முறையாகப் பார்த்தார்கள். பார்த்தால் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி சாதுவான முகத்தோடு, முப்பத்தொரு வயது இளைஞர்.

இரண்டு நாள் பேசியும் ஒத்துவரவில்லை. மலாயா கம்யூனிஸ்டுக் கட்சியைச் சட்டபூர்வமான கட்சியாக ஏற்க வேண்டும், வெளியே வருகிறவர்களைப் பிடித்து வைத்து விசாரிக்கக் கூடாது என்பது சின் பெங்கின் நிலை. சரணடைய வேண்டும், விசுவாசம் நிரூபிக்க வேண்டும் என்பது துங்குவின் நிலை. சரணாகதி என்ற பேச்சுக்கே சின் பெங் இடம் கொடுக்கவில்லை. ஆனால் ஒன்று சொன்னார்: உள்நாட்டுப் பாதுகாப்பும் ராணுவமும் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் கைக்கு வந்தால் சண்டையை நிறுத்தி ஆயுதங்களைக் கீழே வைப்போம். பேச்சு தோற்றது என்று பாடப்புத்தகம் முடித்துவிடும். எனக்கு அது சரியாகப் படவில்லை. சில வாரத்திலேயே, 1956 ஜனவரியில், துங்கு லண்டன் போனபோது அந்த வாக்குறுதி அவர் கையில் இருந்தது. சுதந்திரம் கொடுத்தால் போர் முடியும் என்று அவரால் வாதாட முடிந்தது. 1957 ஆகஸ்ட் 31 வந்த வேகத்துக்குப் பாலிங்கும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். சின் பெங் பக்கத்துக்கு அமைதி வர 1989 டிசம்பர் 2 அன்று தென் தாய்லாந்தின் ஹாட்யாயில் ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் 2013இல் பாங்காக்கில் காலமானார். பிறந்த ஊரான சித்தியவானுக்கு உயிரோடு திரும்ப அனுமதி கிடைக்கவேயில்லை.

1955ஐ விட எனக்கு மனதில் தைக்கும் வருஷம் 1974. இதைப் பற்றி வெளியே அதிகம் பேச்சில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இரண்டு மூன்று ஏக்கர் சொந்த ரப்பர் உள்ள குடும்பத்தின் கணக்கை யோசித்துப் பாருங்கள். மழை பெய்தால் அன்றைக்கு வெட்ட முடியாது. பட்டை நனைந்து பால் வழிந்தோடிவிடும். வருஷத் தொடக்கத்தில் இலையுதிர் காலத்தில் பால் சுருங்கிவிடும். மீதி நாட்களில் இருட்டோடு போய், நெற்றி விளக்கு வெளிச்சத்தில் பட்டையைச் சீவினால் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு மங்கு பாலோ உறைந்த கட்டியோ கிடைக்கும். அதை வாங்குகிறவரின் தராசில் வைத்தால், ஈரத்துக்குக் கழித்து, உலகச் சந்தையில் அன்றைக்கு என்ன விலையோ அதைத்தான் கையில் கொடுப்பார். தோட்டத் தொழிலாளிக்காவது தினக்கூலி என்று ஒன்று உண்டு. விலை விழுந்தால் முழு அடியும் சிறுதோட்டக்காரன் முதுகில்தான். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு உலகமே மந்தத்தில் விழ, ரப்பர் விலை சரிந்தது. அதே நேரத்தில் அரிசி, சர்க்கரை, மாவு எல்லாம் விலையேறின.

1974 நவம்பரில் பாலிங் வட்டார மக்கள் தெருவில் இறங்கினார்கள். ஆயிரக்கணக்கில், பெண்களும் முதியவர்களும் சேர்ந்து வந்தார்கள். ரப்பர் விலையை உயர்த்து, சாமான் விலையைக் குறை என்பது அவர்கள் கேட்டது. பட்டினியால் ஆட்கள் செத்தார்கள், காட்டுக் கிழங்கைத் தின்று குழந்தைகள் இறந்தார்கள் என்ற செய்தி பரவியது. அரசு அதை மறுத்தது. செய்தி கோலாலம்பூர் மாணவர்களை எட்டியதும் தீ பற்றிக்கொண்டது. டிசம்பர் 3 அன்று தலைநகரில் பல்கலைக்கழக மாணவர்கள் திரண்டார்கள். கண்ணீர்ப்புகை, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைது. அப்போது இஸ்லாமிய இளைஞர் இயக்கத்தின் தலைவராக இருந்த அன்வார் இப்ராஹிம் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடிக்கப்பட்டுக் கமுந்திங் முகாமில் ஏறக்குறைய இரண்டு வருஷம் அடைபட்டிருந்தார். மறு வருஷமே பல்கலைக்கழகச் சட்டம் திருத்தப்பட்டு மாணவர் அரசியலுக்குக் கடிவாளம் போடப்பட்டது. பின்னாளில் பிரதமரான ஒருவரின் சிறைவாழ்க்கை பாலிங் ரப்பர்க்காரர்களின் பசியில் ஆரம்பித்தது என்பதை மலேசிய அரசியல் பேசுகிறவர்கள் அடிக்கடி சொல்ல வேண்டும். அரசும் சும்மா இருக்கவில்லை. ரப்பரை வாங்கிச் சேமித்து, உற்பத்தியைக் குறைத்து விலையைத் தூக்கிப் பிடிக்கப் பார்த்தது. ரிஸ்டா என்ற சிறுதோட்டக்காரர் வாரியம் அதற்கு முந்தைய வருஷம்தான் வேலையை ஆரம்பித்திருந்தது. மறுநடவுக்கு மானியம் வாங்க இன்றும் பாலிங் கிராமத்தார் போய் நிற்பது ரிஸ்டா அலுவலகத்தில்தான்.

நிர்வாகத்துக்கு வருகிறேன். கெடாவில் 12 மாவட்டங்கள். பாலிங் அதில் ஒன்று, தலைமையிடம் பாலிங் டவுன். மாவட்டம் எட்டு முக்கிம்களாகப் பிரிந்திருக்கிறது: பாக்காய், பாலிங், போங்கோர், கூப்பாங், பூலாய், சியோங், தாவார், தெலோய் கானான். ஒவ்வொரு முக்கிமுக்கும் பெங்ஹூலு என்ற தலைவர், அவருக்குக் கீழே கிராமத் தலைவர்கள். மலேசியாவில் நிலம் மாநில அரசின் அதிகாரம் என்பதால், நிலப்பட்டா, நிலவரி, காட்டு நிலத்தை யாருக்கு எதற்குக் கொடுப்பது என்பதெல்லாம் மாநிலத்தின் கையில். அதைத் தரையில் நடத்துகிறவர் மாவட்ட அதிகாரி. சந்தை, குப்பை, கட்டட அனுமதி, கடை உரிமம் போன்றவை பாலிங் மாவட்ட மன்றத்தின் பொறுப்பு. மன்ற உறுப்பினர்களை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை; மாநில அரசு நியமிக்கிறது. உள்ளாட்சித் தேர்தல் 1960களில் நிறுத்தப்பட்டது, திரும்ப வரவேயில்லை. நம்மூர்ப் பஞ்சாயத்துத் தேர்தலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும்.

அதனால் மக்கள் தங்கள் கோபத்தைக் காட்டுவதெல்லாம் நாடாளுமன்றத் தேர்தலிலும் மாநிலத் தேர்தலிலும்தான். பாலிங் ஒரு நாடாளுமன்றத் தொகுதி; அதற்குள் பாயு, கூப்பாங், கோல கெட்டில் என்று மூன்று சட்டமன்றத் தொகுதிகள். 2008இல் பாஸ் என்ற இஸ்லாமியக் கட்சி, 2013இலும் 2018இலும் அம்னோ என்ற மலாய்க் கட்சி, 2022இல் மறுபடி பாஸ் என்று நாடாளுமன்றத் தொகுதி கை மாறியிருக்கிறது. 2023 மாநிலத் தேர்தலில் மூன்று சட்டமன்றத் தொகுதிகளும் பாஸ் இடம்பெற்ற கூட்டணியின் பக்கம் போயின. கிராமத்து மலாய் வாக்காளர் ஒரே கட்சிக்குக் கண்ணை மூடிக்கொண்டு குத்துவார் என்று நினைப்பவர்கள் இந்தத் தொகுதியைப் பார்க்கட்டும். இன்னொரு நடைமுறை விஷயம்: கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் திறந்திருக்கும், வெள்ளிக்கிழமை பூட்டியிருக்கும். எங்காவது அனுமதி வாங்க வேண்டியிருந்தால் இதை மனதில் வையுங்கள்.

இனி பார்க்க வேண்டியவை. பாலிங் டவுனுக்குள் நுழைந்ததுமே கடைத்தெருவின் தலைக்கு மேல் செங்குத்தாக நிற்கும் சுண்ணாம்புக் குன்று கண்ணில் படும். அதுதான் பாலிங் மலை. சுற்றிலும் உள்ள நிலம் கரைந்து போக, கரையாமல் மிஞ்சிய பாறை. இந்த வட்டாரத்துப் பழம்பாறைகளின் தொகுதிக்குப் புவியியலாளர்கள் பாலிங் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இருட்டில் ஏற ஆரம்பித்து உச்சியில் சூரிய உதயத்தைப் பார்ப்பது இப்போது இளைஞர்களிடம் பிரபலம். பள்ளத்தாக்கு முழுக்க மேகம் தேங்கி, அதற்கு மேல் மற்ற குன்றுகளின் தலை மட்டும் தெரியும் காலை அமைந்தால் உங்கள் அதிர்ஷ்டம். ஆனால் பாறை கூர்மையானது, சில இடத்தில் கயிற்றைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். சிறு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் பெரியவர்களும் போக வேண்டாம். மழை பெய்த மறுநாள் யாருமே ஏற வேண்டாம். ஏற முடியாதவர்கள் கீழிருந்து பார்த்தாலே போதும், மாலை வெயிலில் வெள்ளைப் பாறை மஞ்சளாவது அழகு.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது உலு லெகோங் வெந்நீர் ஊற்று. பல வெந்நீர் ஊற்றுகளில் மூக்கைப் பிடிக்க வைக்கும் கந்தக நெடி இங்கே கிடையாது. குளங்கள் ஒன்றுக்கொன்று சூட்டில் மாறும். இளஞ்சூட்டில் ஆரம்பித்து மெதுவாகச் சூடான குளத்துக்கு மாறுங்கள். பகல் வெயிலில் போவதில் அர்த்தமில்லை. இரவு மலைக்குளிர் இறங்கிய பிறகு போனால், மூட்டுவலிக்கு ஆறுதல் தேடி வந்த பாட்டிமார்கள் சாரோங்கோடு ஓரத்தில் கால் நனைத்துக் கதை பேசிக்கொண்டிருப்பார்கள், பிள்ளைகள் ஆவிக்குள் ஓடி விளையாடும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் நீண்ட நேரம் உட்கார வேண்டாம்.

அதே லெகோங் பகுதியில்தான் லூபோக் லெகோங் என்ற ஓராங் அஸ்லி கிராமம் இருக்கிறது. கென்சியு என்ற பூர்வகுடி மக்கள். கெடா மாநிலம் முழுவதிலும் உள்ள ஓராங் அஸ்லி சமூகம் இவர்கள் மட்டுமே. சில நூறு பேர்தான். பேசும் மொழி மலாய்க் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல, ஆஸ்ட்ரோ ஆசியக் குடும்பம். எல்லைக்கு அப்பால் யாலா மாகாணத்திலும் இவர்களின் சொந்தங்கள் உண்டு. சயாமும் பிரிட்டனும் கோடு கிழிப்பதற்கு வெகுகாலம் முன்பே இந்தக் காட்டில் இவர்கள் நடமாடியவர்கள். தயவுசெய்து இதைச் சுற்றுலாத் தலமாக நினைத்துக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அவர்கள் குடியிருக்கும் வீடு அது. அழைப்போ தெரிந்தவரோ இருந்தால் போகலாம்.

அருவிகளில் லாத்தா பாயுவும் லாத்தா புக்கிட் ஹிஜாவும் பெயர் பெற்றவை. தண்ணீர் சில்லென்று இருக்கும், விடுமுறை நாளில் கூட்டம் நிற்கும். ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 2022 ஜூலை 4 மாலை ஈனாஸ் மலையில் பெய்த பெருமழையில் மண் சரிந்து, சேறும் பாறையும் வேரோடு பிடுங்கிய மரங்களுமாகக் கூப்பாங் பகுதியின் மேல் இறங்கியது. கம்போங் ஈபோயில் வீடுகள் அடித்துப் போயின, மூன்று உயிர்கள் பலி. மலையில் முசாங் கிங் என்ற ரக டுரியான் பழத் தோட்டத்துக்காகக் காட்டை அழித்ததுதான் காரணம் என்று ஊர்மக்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் சொன்னார்கள். மழையின் அளவைத்தான் அரசுத் தரப்பு முன்னிறுத்தியது. என் பார்வையில், மேல்சரிவில் மரத்தை வெட்ட அனுமதி கொடுக்கும் அதிகாரமும், அதனால் வரும் வருமானமும் ஒரே கையில் இருக்கும்வரை இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வரும். கீழே குடியிருக்கிறவர்களிடம் அனுமதி கொடுக்குமுன் யாரும் கேட்பதில்லை. அருவியில் குளிக்கும்போது மேலே மலையில் கறுத்தாலோ, தண்ணீர் திடீரெனக் கலங்கினாலோ, துணியை எடுக்கக்கூட நிற்காமல் கரையேறி விடுங்கள்.

சாப்பாட்டில் தவறவிடக் கூடாதது பெக்காசாம். ஆற்று மீனைச் சுத்தம் செய்து உப்புப் போட்டு ஊறவைத்து, வறுத்து இடித்த அரிசியும், நம்ம கொடம்புளிக்குச் சொந்தமான அசாம் துண்டும் சேர்த்துப் பாத்திரத்தில் அடைத்து வைப்பார்கள். சில வாரத்தில் புளித்ததும் எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்து, வெங்காயமும் காய்ந்த மிளகாயும் மேலே போட்டுக் கொடுப்பார்கள். மணம் முதலில் மிரட்டும். கருவாடு தின்று பழகிய வாய்க்கு இரண்டாவது கவளத்திலேயே பிடித்துப்போகும். காலைக்குப் பெக்ஙா, தேங்காய்த் துருவல் போட்டுச் சுடும் கனமான ரொட்டி, மீன் குழம்போடு. பாட்டில் பெக்காசாம் வாங்கி ஊருக்குக் கொண்டுபோவதாக இருந்தால் மூடியைப் பார்த்து வாங்குங்கள், பெட்டிக்குள் கசிந்தால் பெட்டியையே தூக்கிப் போட வேண்டியிருக்கும்.

போகும் வழி சுலபம். பாலிங்குக்கு ரயில் கிடையாது. கிட்ட உள்ள ரயில் நிலையம் சுங்கை பட்டாணி. அங்கிருந்து கோல கெட்டில் வழியாகக் காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். பினாங்கிலிருந்து வருவதானால் பட்டர்வொர்த்–கூலிம் நெடுஞ்சாலையில் ஏறிக் கூலிம் தாண்டி வரலாம். ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் பகலில் டவுனும் பேச்சுவார்த்தை நடந்த பள்ளி இருந்த வளாகமும், இரவில் வெந்நீர் ஊற்றும் போதும். இரண்டாவது நாள் கிடைத்தால் பெங்காலான் உலு சாலையில் கிழக்கே போங்கள். 1941இல் படை பின்வாங்கியதும் 1955இல் சின் பெங் வந்ததும் அந்தப் பாதையில்தான். பாஸ்போர்ட் கையில் இருந்தால் எல்லையைத் தாண்டிப் பெத்தோங்கில் மதியச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு மாலைக்குள் திரும்பலாம். வாடகைக் காராக இருந்தால் தாய்லாந்துக்குக் கொண்டுபோக அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்; பெரும்பாலும் கொடுக்க மாட்டார்கள், அப்போது எல்லையில் வண்டியை விட்டுவிட்டு அந்தப் பக்கம் வேறு வண்டி பிடிக்க வேண்டியதுதான்.